காது மடல் அடிக்கடி சிவந்து வீங்குகிறது, காரணம் தெரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மாவுக்குக் காது மடல் திடீரென்று சிவந்து வீங்கும். தொட முடியாது, மூக்குக் கண்ணாடி மாட்ட முடியாது, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது. சில நாள் பாடாய்ப் படுத்திவிட்டு வடிந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமே இருக்காது, திடீரென்று ஒருநாள் மற்ற காதில் ஆரம்பிக்கும். ரொம்ப நாள் அலைந்த பிறகு அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பிலிருக்கும் குருத்தெலும்பைத் தாக்குகிற நோய். அன்றிலிருந்து தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்குக் காதில் என்ன வந்தாலும் எனக்குப் போன் வருகிறது, எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோயாளியோடு கூடப் போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் இங்கே இருக்கிறது.

மாமியாருக்குக் காது வீங்கிச் சிவந்திருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

தோடு போடுகிற இடத்தைப் பாருங்கள். காது மடலின் மேல் பகுதி முழுக்க உள்ளே குருத்தெலும்பு, அதனால்தான் மடக்கினால் திரும்ப நிமிர்கிறது. கீழே தொங்குகிற சோணையில் குருத்தெலும்பு கிடையாது, வெறும் தோலும் கொழுப்பும்தான். மேல் பகுதி மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து தடித்திருக்க, சோணை மட்டும் எப்போதும் போல மெத்தென்று, வலியில்லாமல், தோட்டைக் கழற்றி மாட்டக்கூடிய நிலையில் இருந்தால், கோளாறு தோலில் இல்லை, குருத்தெலும்பில் அல்லது அதை மூடியிருக்கும் சவ்வில் என்று நினைக்க இடமிருக்கிறது. பெரியம்மா விஷயத்தில் இதை ஒரு டாக்டர் கவனித்துச் சொன்ன பிறகுதான் வழி திறந்தது.

ஆனால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். காதின் மேல் ஓரத்தில் இரண்டாவது, மூன்றாவது துளை குத்திக்கொள்கிறார்களே, அந்தத் துளை வழியாகக் கிருமி புகுந்தாலும் குருத்தெலும்புப் பகுதிதான் வீங்கும், சோணை தப்பிவிடும். அடிபட்டாலும் அப்படி ஆகலாம். துளை வழியாக வந்தது கிருமித் தொற்று, அவசரமாக மருந்து வேண்டும், விட்டால் குருத்தெலும்பு அழுகிக் காது சுருங்கிப்போகும். அதனால் "சமீபத்தில் காது குத்தினீர்களா, அடிபட்டதா, பூச்சி கடித்ததா" என்று நாமே முதலில் கேட்டுவிடுவது நல்லது.

சோணையும் சேர்ந்து வீங்கியிருந்தால்?

அப்போது வேறு காரணங்களைத் தேட வேண்டும். தோல் தொற்று என்றால் மடல், சோணை, கன்னம் என்று வித்தியாசம் பார்க்காமல் பரவும், காய்ச்சலும் வரலாம். கவரிங் தோட்டில் இருக்கும் நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. துளையைச் சுற்றி அரித்து, நீர் கோத்து, தோட்டைக் கழற்றினால் ஆறி, மாட்டினால் மறுபடி வரும். "விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தாலே காது புண்ணாகிறது" என்று அத்தையோ சித்தியோ சொன்னால் அன்றைக்கு என்ன தோடு போட்டிருந்தார் என்று கேளுங்கள்.

இன்னொன்று, சொல்லத் தயங்குகிற விஷயம். சோணை வலியில்லாமல் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தால் தொழுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனைக்குத் தோலில் லேசாகக் கீறி எடுக்கும் இடங்களில் சோணையும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், குணமாகிற நோய். பெயரைக் கேட்டதும் வீட்டில் அழுது புரண்டு மறைக்க வேண்டிய காலம் போய்விட்டது.

காது முழுவதும், சோணையோடு சேர்ந்து, சில நிமிஷங்களோ சில மணி நேரமோ மட்டும் தீயாய் எரிந்து சிவந்துவிட்டுப் பழையபடி ஆகிவிடுவதும் உண்டு. சிவந்த காது நோய்க்குறி என்று 1990களில் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் விவரித்தது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதிகம். இது நரம்பு சம்பந்தப்பட்டது, குருத்தெலும்பு அழியாது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சரியாகிவிடுகிறதே, அப்போ கிருமிதானே?

பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸில் வருகிற வீக்கம் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் தானாகவே வடியக்கூடியது. வீங்கிய மூன்றாம் நாள் டாக்டரிடம் போகிறோம், அவர் 5 நாளைக்கு மாத்திரை எழுதுகிறார், மாத்திரை முடியும்போது வீக்கமும் முடிகிறது. மாத்திரையால் போனதா, போக வேண்டிய நேரத்தில் போனதா என்று அந்த ஒரு தடவையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அடுத்த தடவை வேறு ஊர், வேறு டாக்டர், அவருக்கும் இது முதல் தடவை. ஒவ்வொரு டாக்டரும் அவர் பார்த்ததற்குச் சரியான வைத்தியம்தான் செய்கிறார், திரும்பத் திரும்ப வருகிறது என்பதை மட்டும் அவர்களில் ஒருவர் கூடப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது கூடவே இருக்கிற நாம்தான்.

இரண்டு காதும் மாறி மாறியோ ஒரே நேரத்திலோ வீங்குவது கிருமியின் வழக்கம் அல்ல. மருந்து சாப்பிடாமல் விட்ட ஒரு தடவையும் அதே போலத் தானாக வடிந்திருந்தால், அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். "மருந்து சாப்பிடலையா" என்று திட்டு விழும் என்று பயந்து பல பேர் சொல்வதில்லை. ஆனால் டாக்டருக்கு அது முக்கியமான தகவல். (வேண்டுமென்றே மருந்தை நிறுத்திச் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை.)

டோக்கன் கிடைத்துப் போகிற நாளில் காது நன்றாக இருக்கிறது. டாக்டர் நம்பவே மாட்டேன் என்கிறார்.

போன் எதற்கு இருக்கிறது? வீக்கம் ஆரம்பித்த அன்றே பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் உட்கார வைத்து, மூன்று படம் எடுங்கள்: வீங்கிய காது, மற்ற காது, நேர் முகம். முடியை ஒதுக்கி, தோட்டைக் கழற்றி, சோணை தெளிவாகத் தெரிகிற மாதிரி. தினமும் ஒன்று, வடிகிற வரைக்கும். இரவில் டியூப் லைட்டில் எடுத்தால் சிவப்பு சரியாகத் தெரியாது. நேர் முகப் படம் ஏனென்றால் மூக்குத் தண்டு மெல்ல மெல்லத் தாழ்ந்தால் தினம் பார்க்கிற நமக்குத் தெரியாது, பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கூடவே ஒரு தாளில் தேதி, எந்தக் காது, எத்தனை நாள், காய்ச்சல் இருந்ததா, என்ன மாத்திரை. மாத்திரை பெயர் ஞாபகம் இருக்காது, அதனால் மருந்துக் கடை பில்லையும் காலி அட்டையையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். டாக்டர் சீட்டில் இருக்கும் எழுத்தைவிட அட்டையில் இருப்பது தெளிவாகப் படிக்க வரும். டாக்டரிடம் கதை சொல்லப் போனால் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடுவார். படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினால் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் வீக்கம் இல்லை, காதுக்குள்ளிருந்து சீழ் வருகிறது. அதுவும் இதுவா?

இல்லை, அது வேறு, இன்னும் பரவலானது. அரிப்பு அதிகமாகி, காதுக்குள் நனைந்த காகிதம் மாதிரி ஏதோ இருக்கிறது, கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் பூஞ்சையாக இருக்கலாம். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சாதாரணம். காதில் எண்ணெய் விடுகிறவர்கள், பட்ஸ் போட்டுக் குடைகிறவர்கள், மீதமிருந்த சொட்டு மருந்தைத் தாங்களாகவே விட்டுக்கொள்கிறவர்கள் அடிக்கடி மாட்டுவார்கள். ஆன்டிபயாடிக் சொட்டு பூஞ்சையை ஒன்றும் செய்யாது, நாளானால் வளரவே இடம் கொடுக்கும். ஈ.என்.டி. டாக்டர் உறிஞ்சிச் சுத்தம் செய்து பூஞ்சைக்கான சொட்டு கொடுத்தால்தான் அடங்கும். அரிப்பு நின்றதும் பாதியில் நிறுத்தினால் அடுத்த மாதம் மறுபடி.

செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சளி பிடிக்கும்போதும் தலைக்குக் குளித்தாலும் ஒழுகும். நிறைய ஒழுகுகிறது, நாற்றம் அவ்வளவாக இல்லை என்பது ஒரு வகை. கொஞ்சமாகத்தான் வருகிறது ஆனால் பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம், காதும் கேட்காமல் போகிறது என்றால் அது கொலெஸ்டியடோமாவாக இருக்கலாம். நடுக்காதில் தோல் செதில்கள் சேர்ந்து பக்கத்து எலும்பை அரிக்கிற கட்டி. புற்றுநோய் அல்ல. ஆனால் காதுக்கு மேலே மூளை இருக்கிறது, பக்கத்தில் முகத்தை அசைக்கிற நரம்பு ஓடுகிறது. சொட்டு மருந்தால் குணமாகாது, அறுவை சிகிச்சைதான். "சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் காது ஒழுகும்" என்று பழக்கமாகிப்போன காதுகளை ஒரு தடவையாவது மைக்ரோஸ்கோப்பில் காட்டச் சொல்லுங்கள்.

வலியே இல்லாமல் மாதக்கணக்கில் ஒழுகி, எந்த மருந்துக்கும் நிற்காவிட்டால் காசநோயையும் நினைக்க வேண்டும். அது நுரையீரலில் மட்டும் வருவதில்லை.

மாமாவுக்குக் காது வலி உயிர் போகிறது, டாக்டர் காது சுத்தமாக இருக்கிறது என்கிறார்.

டாக்டர் சரியாகவே சொல்லியிருக்கலாம். காதுக்கு வருகிற நரம்புகளின் கிளைகள் பல், தாடை மூட்டு, டான்சில், நாக்கின் அடிப்பகுதி, தொண்டை, கழுத்து என்று எல்லா இடத்துக்கும் போகின்றன. அங்கே கோளாறு என்றால் வலி காதில் தெரியும். சொத்தைப் பல்லும், தூக்கத்தில் பல் நறநறவென்று கடிப்பதால் வரும் தாடை மூட்டு வலியும்தான் அடிக்கடி காரணம்.

ஆனால் மாமா வெற்றிலை புகையிலை போடுகிறவர், பீடி சிகரெட் பிடிக்கிறவர், ஒரே பக்கக் காதில் வலி வாரக்கணக்கில் நிற்கவில்லை, காதில் ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்றால், தொண்டையையும் நாக்கின் அடியையும் குழாய் விட்டுப் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தொண்டைப் புற்றுநோய் சில சமயம் முதலில் காது வலியாகத்தான் தலைகாட்டும். எதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஏதாவது தனியாக?

ஆமாம். வயதானவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, காதுக்குள் வலி ராத்திரியில் தூங்கவிடாத அளவுக்கு இருக்கிறது, சொட்டு விட்டும் குறையவில்லை என்றால், காதுக் குழாயிலிருந்து தொற்று மண்டையோட்டின் அடி எலும்புக்குப் பரவுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்கிற கிருமி. வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். முகம் ஒரு பக்கம் இழுத்தால் அன்றே மருத்துவமனை.

சரி, மறுபடி வீக்கத்துக்கு வருவோம். எந்த டாக்டரிடம் போவது?

முதலில் ஈ.என்.டி. அவர் தொற்று, அடி, ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார், ஆனாலும் வருகிறது என்றால் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு மற்றும் எதிர்ப்பு சக்தி நோய்களைப் பார்க்கிறவர். "காதுக்கு எதுக்கு மூட்டு டாக்டர்" என்று பெரியப்பா கேட்டார், நியாயமான கேள்விதான். குருத்தெலும்பு காதில் மட்டும் இல்லையே. சிறு ஊர்களில் இந்தத் துறை இருக்காது. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தனித்துறையே உண்டு. புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை என்று போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸை "இதுதான்" என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை இல்லை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும், எங்கே, ஏன் என்று சொல்லாது. அதுவும் வீக்கம் இல்லாத நாளில் எடுத்தால் சரியாகவே இருக்கலாம், அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பியும் விடுவார்கள். ஏ.என்.சி.ஏ., ஆர்.ஏ. ஃபேக்டர் போன்றவற்றை எடுப்பது பெரும்பாலும் இதைப் போலவே தோன்றும் வேறு நோய்களை ஒதுக்கத்தான்.

டாக்டர்கள் பல அறிகுறிகளைச் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். 1976இல் மெக்ஆடம் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்த ஆறு அம்சங்கள் இன்றும் பயன்படுகின்றன: இரண்டு காது மடலிலும் அழற்சி, மூக்குக் குருத்தெலும்பில் அழற்சி, மூச்சுக் குழாய் பாதிப்பு, கண் சிவப்பு, மூட்டு வீக்கம், கேட்கும் திறன் குறைவது அல்லது தலைசுற்றல். ஆறில் மூன்று இருந்தால் சந்தேகம் வலுக்கும். பிற்பாடு இதைச் சற்றுத் தளர்த்தியும் இருக்கிறார்கள். நோயே மிக அரிது, பல டாக்டர்கள் தொழில் வாழ்க்கையில் ஒன்றிரண்டு பேரைத்தான் பார்த்திருப்பார்கள், அதனால் பெயர் கிடைக்க வருடங்கள் ஆவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல.

பயாப்சி என்று சொல்கிறார்கள். காதை வெட்டி எடுப்பார்களா?

சின்னத் துண்டுதான். வீக்கம் இருக்கும்போது எடுத்தால்தான் பயன். இரண்டு காது, மூக்கு, கண் என்று படம் தெளிவாக இருந்தால் பல டாக்டர்கள் பயாப்சி இல்லாமலே சிகிச்சை ஆரம்பிப்பார்கள். "இதன் முடிவைப் பொறுத்து மருந்து மாறுமா" என்று கேட்டுப் பாருங்கள்.

காது தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டில் எல்லோரும் காதையே பார்த்துக்கொண்டிருப்போம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது தொண்டையைப் பார்த்து. குரல்வளையும் மூச்சுக் குழாயும் குருத்தெலும்பு வளையங்களால்தான் திறந்து நிற்கின்றன. குரல் கம்முவது, தொண்டையின் முன்பக்கம் தொட்டால் வலிப்பது, நிற்காத வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் முன்பு இல்லாத இரைப்பு, இவற்றை "வயசாகிவிட்டது", "சளி" என்று தள்ளாதீர்கள். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்துவிடுகிற வாய்ப்பும் உண்டு. மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும் எடுக்கிற சி.டி. ஸ்கேன், மூச்சுத் திறன் பரிசோதனை இரண்டும் இதற்காகத்தான்.

மூக்குத் தண்டு வலி, கண் வலியோடு சிவப்பு, திடீரென்று ஒரு காது மந்தமாவது, எழுந்தால் சுற்றுவது, விரல் மூட்டு வலி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டரிடம் தனித்தனியாகப் போயிருப்போம். கண் டாக்டரிடம் காதைப் பற்றிச் சொல்ல யாருக்குத் தோன்றும்? சொல்லுங்கள். இதயத்தின் வால்வையும் சிலருக்குப் பாதிக்கும் என்பதால் எக்கோவும் எடுக்கச் சொல்வார்கள்.

அப்பாவுக்கு 68 வயது. காது வீக்கத்தோடு காய்ச்சலும் ரத்த சோகையும் இருக்கிறது.

இதை டாக்டரிடம் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லுங்கள். வெக்சாஸ் என்று ஒரு நோய் 2020இல்தான் அடையாளம் காணப்பட்டது. யூ.பி.ஏ.1 என்கிற மரபணுவில் வாழ்நாளின் பிற்பகுதியில் ஏற்படும் மாற்றத்தால் வருவது, பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு. காது, மூக்குக் குருத்தெலும்பு வீக்கம், விடாத காய்ச்சல், தோலில் தடிப்பு, ரத்த அணுக்கள் அளவில் பெரிதாகியிருக்கும் ரத்த சோகை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) என்ற வரி இருக்கும், அது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். பரம்பரையாக வருவதல்ல.

வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது.

பயம் நியாயம், ஆனால் சரியானவற்றுக்குப் பயப்படுங்கள். சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும், அடங்கிக் கிடக்கும் காசநோய் தலைதூக்கலாம், அதனால் ஆரம்பிக்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே முதலியவை எடுப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, காது நன்றாகிவிட்டது என்று நாமே சட்டென்று நிறுத்துவது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதே போல, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவதும் கூடாது.

மெத்தோட்ரெக்சேட் (எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரை) கொடுத்தால் இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: வாரத்துக்கு ஒரு நாள். தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தாகிப்போனவர்கள் உண்டு. கிழமையை முடிவு செய்து, அந்தக் கிழமையின் பெயரை அட்டை மேலேயே எழுதிவிடுங்கள்.

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடலாமா? அக்கி என்று சொல்லி எழுதச் சொல்கிறார்களே?

மடலில் இருக்கும் வீக்கத்துக்குக் காதுக் குழாயில் எண்ணெய் விட்டு என்ன ஆகப் போகிறது? செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதல் வேறு. சூடாக விட்டுக் காதைச் சுட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

அக்கியா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். காதிலும் காதுத் துளையிலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் தெரியும். அப்படித் தெரிந்தால் செம்மண் பூசி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள், ஏனென்றால் காதில் வரும் அக்கி முகவாதத்தில் கொண்டுபோய் விடலாம், வைரஸ் மருந்தை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. எழுதித்தான் ஆக வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் மாத்திரையைப் போட்டுவிட்டு எழுதட்டும்.

பத்தியம் ஏதாவது?

கத்தரிக்காய், கருவாடு, குளிர்ச்சி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். காது வீக்கத்துக்கும் கத்தரிக்காய்க்கும் சம்பந்தம் இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடும்போது உப்பும் இனிப்பும் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டுமா? பிள்ளைகளுக்கு வருமா?

ஒட்டாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக வருகிற நோயும் இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள், பாவம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூச்சு விடும்போது சத்தம் கேட்டால். குரல் திடீரென்று அடைத்தால். முகம் ஒரு பக்கம் கோணினால். காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளப்பட்டால். காது வலியோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு காது கேட்காமல் போனால் (இதைக் குறும்பி அடைப்பு என்று நினைத்து நாள் கடத்துகிறார்கள், நரம்பால் போயிருந்தால் சீக்கிரம் மருந்து கொடுத்தால்தான் திரும்ப வாய்ப்பு). இதற்கெல்லாம் டோக்கன், அப்பாயின்ட்மென்ட் பார்க்க வேண்டாம், 108க்குப் போன் போடுங்கள் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராகப் போங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

நடக்கிறதுதான். சிலருக்கு ஆரம்பத்தில் ஒரு அறிகுறிதான் இருக்கும், அடுத்தது வர வருடங்கள் ஆகலாம், அதுவரை எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, கேட்டுப் பதில் சொல்கிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவரிடமே போவது மேல். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டீர்கள், இன்னும் எதைச் சந்தேகப்படுகிறீர்கள், அடுத்த தடவை வீங்கும்போது அன்றே எங்கே வந்து காட்டலாம். மூன்றாவதற்கு ஒரு போன் நம்பரோ, "டோக்கன் இல்லாமல் வாங்க" என்று சீட்டில் ஒரு வரியோ எழுதி வாங்கிவிட்டால், அடுத்த வீக்கத்தின்போதே ரத்தமும் எடுக்கலாம், தேவைப்பட்டால் பயாப்சியும் செய்யலாம்.